செராஸ் வீட்டுப் போர்ச்சில் மரை போன பிளக்

1. கை லேசானது

ஸ்பேனர் இறுகிக்கொண்டே வந்து சட்டென்று லேசானது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கையை நிறுத்தினேன். எண்ணெய் வடிக்கும் பிளக்கை இறுக்கும்போது கை அப்படி லேசானால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே பிளக்கைக் கடித்துப் பிடிக்கும் மரை தேய்ந்துபோய்விட்டது. இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பிளக் பிடிமானமில்லாமல் சும்மா சுழன்றது.

நான் கிள்ளானில் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் போமன், கார் மெக்கானிக். மரை போன கார்கள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. எந்த மடையன் இப்படி இறுக்கினான் என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று நான் படுத்திருந்தது என் கடையில் அல்ல. செராஸில், என் மகள் தர்ஷினி வாழப்போகிற வீட்டின் போர்ச்சில்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேச நானும் மனைவியும் மகளும் போயிருந்தோம். நாங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். மாப்பிள்ளை ரூபன் பழைய சட்டையோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் அவருடைய அப்பாவும் மறுநாள் அதே காரில் ஈப்போவுக்குப் போய்ச் சொந்தக்காரர்களை அழைக்க வேண்டும். அதற்குமுன் எண்ணெய் மாற்றிவிடலாம் என்று காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தார். புது எண்ணெய், ஃபில்டர், பிளக்குக்குப் புது வாஷர் எல்லாம் ஒரு துணிமேல் வரிசையாக இருந்தன. டார்க் ரெஞ்சும் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் கருவி அது.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"விடுங்க தம்பி, போமன் வீட்டுக்கு வந்திருக்கும்போது நீங்க எதுக்கு அழுக்காகணும்" என்றேன். டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுத்தார். "நமக்குக் கைதான் தம்பி மீட்டர்" என்று அதை ஓரமாக வைத்தேன். அவருடைய அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

பழைய எண்ணெய் வடிந்தது. பிளக்கைத் திருப்பிப் போடும்போது ரூபனின் அப்பா பக்கத்தில் குனிந்து மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, துளையைப் பார்க்காமல், நேராக ஸ்பேனரைப் போட்டேன். தொடக்கத்திலேயே முறுக்கியது. பிளக் கோணலாக ஏறுகிறது என்பதற்கு அடையாளம் அது. எந்தப் புதுப் பையனாக இருந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பேன். அவர் எதிரில் நிறுத்தி, கழற்றி, மறுபடி போட எனக்கு மனம் வரவில்லை. நீள ஸ்பேனரால் அழுத்தி இழுத்தேன். எண்ணெய் தேங்கும் சம்ப் அலுமினியம். மென்மையான உலோகம். பிளக் இரும்பு. எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளக்கை உருவிக்கொண்டு வெளியே வந்து எழுந்து நின்றேன். என்ன அண்ணே என்று அவருடைய அப்பா கேட்டார்.

"முன்னாடியே யாரோ ஓவரா இறுக்கியிருக்காங்க. மரை வீக்கா இருந்திருக்கு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாயில் தயாராக இருந்தது.

போன தடவை எண்ணெய் மாற்றியது யார் என்று எனக்குத் தெரியாது. ரூபனின் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி மகனைப் பார்த்தார். ஃபோனில் வீடியோ பார்த்து வேலை செய்யாதே என்று எத்தனை தடவை சொன்னேன், இப்போது நாளைக்கு எதில் போவது என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் விருந்தாளிகள் எதிரில் கேட்டார். ரூபன் முகம் சிவந்துவிட்டது.

வாசலில் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். படிக்கிற காலத்திலிருந்து என் கடையில் கணக்குப் பார்த்தவள், பாதி போமன். நான் முதலில் பிளக்கைக் கழற்றியபோதும் அங்கேதான் நின்றாள். அது தளர்த்தியதும் விரலாலேயே சுழன்று சுலபமாக வெளியே வந்ததைப் பார்த்தவள். மரை கெட்டிருந்தால் அப்படி வராது. இறங்கி வந்து என் கையிலிருந்த பிளக்கை வாங்கினாள். அதில் அலுமினியச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளி மாதிரி பளபளவென்று, அப்போதுதான் பிய்ந்தது. பார்த்தாள். பிளக்கை என் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2. கிள்ளானுக்குப் போய் வந்தது

மரையைச் சரிசெய்யும் செட் என் கடையில் இருந்தது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுச் சுருளைப் பொருத்த வேண்டும். அதன்பிறகு பழைய அளவு பிளக்கே பிடிக்கும். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். ரூபனும் வருவதாகச் சொல்லி என் காரில் ஏறிக்கொண்டார்.

ஃபெடரல் ஹைவேயில் ஞாயிற்றுக்கிழமையும் நெரிசல்தான். ஷா ஆலாம் தாண்டும்போது ரூபன்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சாரி அங்கிள். உங்க நல்ல சட்டை வேற அழுக்காயிருச்சு."

அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"போன வாட்டி டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் இறுக்குனேன் அங்கிள். சத்தம் வந்ததும் நிறுத்திட்டேன். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்லா. எனக்கு அனுபவம் இல்ல."

என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். வாடிக்கையாளர்களோடு வாதாடிப் பழகியவன். இவர் தான் சரியாகச் செய்த வேலையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னேன் என்ற ஒரே காரணத்துக்காக.

"நீங்க ஒண்ணும் தப்பா செய்யல தம்பி. நான்தான் கோணலா ஏத்திட்டேன். ஏறும்போதே தெரிஞ்சுச்சு" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அப்பாகிட்ட சொல்லவேணாம் அங்கிள்" என்றார். "திட்டி முடிச்சிட்டாரு. இனிமே எதுக்கு."

கடைக்குப் போய்ச் செட்டை எடுத்து, திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை என்னோடு வந்தது. அதில் ஒரு பாதி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடலாம். மாப்பிள்ளையே அனுமதி கொடுத்துவிட்டார். என் வயதில் பாதி உள்ளவர் என் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தை விட்டுக்கொடுக்கிறார், நானும் அதை வாங்கிக்கொள்ளலாமா என்று கணக்குப் போடுகிறேன். இதைவிடக் கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை.

3. மறுபடியும் காருக்கு அடியில்

டிரில்லிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டேன். தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று வெட்டி, கால் சுற்றுத் திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து வேலை செய்தேன். சுருளைப் பொருத்தியபின் மேலிருந்து கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அடியில் ஓடவிட்டு, மிச்சத் தூளையும் கழுவினேன். பிளக்கை விரலால் ஏற்றினேன். தடையில்லாமல் போனது. கடைசி இறுக்கலை ரூபனைச் செய்யச் சொன்னேன். டார்க் ரெஞ்ச் டக்கென்றது. நிறுத்தினார். எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை.

அவருடைய அப்பா வெளியே வந்து, பரவாயில்லை அண்ணே, நீங்கள் இருந்ததால் தப்பித்தோம் என்று நன்றி சொன்னார். என் மனைவியும் தர்ஷினியும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ரூபன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நன்றி சொல்லாதீங்க. மரைய ஒடைச்சது நான்தான். தம்பி மேல பழிய போட்டதும் நான்தான்" என்றேன்.

நான் எதிர்பார்த்ததுபோல அவர் சிரித்துச் சமாளிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. நேராக மகனிடம் போனார். கீழே கிடந்த துணியை எடுத்து மகன் கையிலிருந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார். விடுங்கப்பா என்று ரூபன் கையை இழுத்துக்கொண்டார். அவர் விடவில்லை. அதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. கை கழுவப் போனேன்.

சாப்பாடு போட்டார்கள். நாளும் பேசினோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார், முன்பைவிட அளந்து. இன்றும் அவர் என்னிடம் பேசும்போது அந்த அளவு கொஞ்சம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவன் நான்.

வொர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். பிளக்கை முதல் சில சுற்று விரலால் ஏற்று. முறுக்கினால் கழற்று, யார் பார்த்துக்கொண்டு நின்றாலும் கழற்று. மரை போனால் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால் போனதும் முதலில் வாயிலிருந்து வருவது என்ன என்று கவனி. எனக்கு இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகு வந்தது இன்னொருவன் தலையில் போடும் பழி.

அன்று திரும்பும்போது மனைவி முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். தர்ஷினி பின்னால் இருந்தாள். கிள்ளானை நெருங்கியபோது முன்னால் சாய்ந்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, சாப்பிடுறப்ப நான் சொல்லலாம்னு இருந்தேன்பா" என்றாள்.

நான் சரி என்றேன். போகப்போகிற வீட்டில், முதல் விருந்தில், தன் அப்பா பொய் சொன்னார் என்று எழுந்து சொல்ல அவள் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் காருக்கு அடியில் வேலை செய்த நேரமெல்லாம் அந்த வார்த்தைகளை உள்ளே கோத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து ஓட்ட முடியவில்லை.