பிரபுவின் மனைவி சொன்ன ‘நீ’

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் வேலை. திரையில் வாய் அசைந்து முடிவதற்குள் வசனமும் முடிய வேண்டும். உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வந்தால் நல்லது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுவேன். ஒலிப்பதிவு குரோம்பேட்டையில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்டூடியோவில் நடக்கும். போலீஸ் கதை, பேய்க் கதை, சமையல் போட்டி என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். பழைய இங்கிலாந்தில், ஒரு கோட்டைக்குள் நடக்கும் தொடர் வந்தபோது டப்பிங் இயக்குநர் என்னைத்தான் முதலில் அழைத்தார்.

“இங்கிலீஷ்தான் மேடம், ஆனா பாதி புரியல. உங்களால முடியுமா?”

“முடியும் சார்” என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. எம்.ஏ. படித்த காலத்திலிருந்தே வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள் மேல் எனக்கு ஒரு பித்து. மின்சார ரயிலில் மற்றவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார்கள், நான் சொற்பிறப்பு அகராதி படித்துக்கொண்டு வருவேன். ‘லார்ட்’ என்றால் முதலில் ரொட்டியைக் காப்பவன், ‘லேடி’ என்றால் அந்த ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்பதெல்லாம் கிண்டியில் இறங்குவதற்குள் தெரிந்துகொண்டவை. அதனால் அந்தக் கோட்டைக்குள் நுழைய எனக்குப் பயம் இருக்கவில்லை.

முதல் விவாதம் ஒரு குட்டிச் சொல்லில் வந்தது. கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபு கூப்பிடுகிறார், வேலைக்காரன் ‘எனான்’ என்று பதில் கொடுக்கிறான். ‘ஒன்றிலே’ என்பதுதான் அதன் மூலம். ஒரே மூச்சில், அந்தக் கணமே என்று அர்த்தம். நான் “உடனே வருகிறேன், ஐயா” என்று எழுதியிருந்தேன். இயக்குநர் படத்தை நிறுத்தினார்.

“இவன் எங்க மேடம் உடனே வர்றான்? சொல்லிட்டு நிதானமா பீர் ஊத்திக்கிட்டு இருக்கான் பாருங்க.”

அவர் சொன்னது சரி. உடனே வருகிறேன் என்று சொன்னவர்கள் யாரும் உடனே வராததால், அந்தச் சொல்லே தளர்ந்துபோய், கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தம் மாறியிருந்தது. அன்று காலையில்தான் மோட்டார் ரிப்பேருக்கு எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டிருந்தேன். “இதோ வந்துகினே கீறேன்கா” என்றார். பின்னால் டீக்கடை கிளாஸ்கள் கலகலத்தன. அதைச் சொன்னதும் இயக்குநர் சிரித்துவிட்டார். “அப்ப ‘இதோ வந்துட்டேன்’னே வச்சிடுவோம்.” வைத்தோம். கச்சிதமாகப் பொருந்தியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்குத் தமிழ் ரசிகர்களின் காது நன்றாகத் தெரியும். அதனால்தான் அடுத்த விவாதம் நாள்கணக்கில் நீண்டது.

தொடரில் பிரபு தன் மனைவியை ‘தௌ’ (thou) என்கிறார். அவள் அவரை ‘யூ’ என்கிறாள். ‘தௌ’ வரும் இடமெல்லாம் ‘தாங்கள்’ என்று போடச் சொன்னார் இயக்குநர். “பழைய இங்கிலீஷ் ஜெபத்துல கடவுளையே அப்படித்தானே கூப்பிடறாங்க? மரியாதையான வார்த்தை மேடம்.”

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ‘தௌ’ ஒருமை, நம்முடைய ‘நீ’. ‘யூ’தான் பன்மை. ஒரே ஆளைப் பலராக்கிப் பேசினால் மரியாதை என்று அவர்களும் நினைத்தார்கள், ‘நீங்கள்’ என்று நாமும் அதையேதான் செய்தோம்.

“கடவுள் கிட்டத்துல இருக்கறவர்னு ‘நீ’ போட்டாங்க சார். குன்றத்தூர் மலை ஏறி நின்னுக்கிட்டு முருகனை ‘நீங்க வாங்க’ன்னா கூப்பிடறோம்?”

“அது சரி” என்றார். பிரபு தன் மனைவியையும் வேலைக்காரர்களையும் ‘நீ’ என்று சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். பிரபு மனைவியிடம் சொல்லாமல் மகனை அரசரிடம் பணயமாக அனுப்பிவிடுகிறார். விஷயம் தெரிந்து அவள் கூடத்துக்கு வந்து நிற்கிறாள். அதுவரை ‘யூ’ என்றே பேசியவள், அங்கே முதன்முதலாக ‘தௌ’ என்கிறாள். நான் “நீ என் மகனை எங்கே அனுப்பினாய்?” என்று எழுதினேன்.

“இங்க மட்டும் வேணாம் மேடம். குடும்பமா உக்காந்து பாக்கறவங்க முகம் சுளிப்பாங்க.”

“சுளிக்கணும் சார். அவ புருஷனும் சுளிக்கிறான், பாருங்க. எழுதினவங்க இந்த இடத்துக்குன்னே அந்த வார்த்தையைப் பத்திரமா வச்சிருந்திருக்காங்க.”

“ரெண்டு விதமாவும் எழுதிக் குடுங்க, பாத்துக்கலாம்.”

“ஒண்ணுதான் சார் எழுதுவேன்” என்றேன். எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் வேறு சொல் கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பிரபுவின் மனைவிக்குக் குரல் கொடுத்த பெண் பம்மலிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. தாளைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது ‘நீங்க’தானே? டைப்பிங் மிஸ்டேக்கா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, ‘நீ’தான்.”

கண்ணாடி அறைக்குள் போய் நின்றாள். முதல் தடவை அவளை அறியாமல் ‘நீங்கள்’ என்றே வந்தது. இரண்டாவது தடவை ‘நீ’ என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். “வர மாட்டேங்குதுக்கா. எங்க வீட்டுக்காரரை நான் ஒரு தடவகூட அப்படிச் சொன்னதில்ல.”

நான் மைக்கில் சொன்னேன். “அவளும் சொன்னதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை சொல்றா. நாக்கு கூசினா கூசட்டும். கூச்சத்தோடயே சொல்லு.”

அடுத்த தடவை ‘நீ’ தாழ்ந்த குரலில், லேசாக உடைந்து வெளியே வந்தது. அதன் பிறகு மற்ற வரிகளை யாராலும் நிறுத்த முடியவில்லை. இயக்குநர் இன்னொரு முறை போட்டுக் கேட்டார். “அடுத்த சீன் போலாம்” என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

தொடர் வெளிவந்த வாரத்தில் அவரே போன் செய்தார். “சுளிச்சிட்டாங்க மேடம். கமெண்ட்ல பெரிய சண்டை. ஆனா பாக்காதவங்களும் அந்த சீனுக்காகப் பாக்கறாங்க.” குரலில் திருப்தி தெரிந்தது.

நானும் என் கணவரும் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். அவர் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். நாங்கள் கல்லூரியில் பழகியவர்கள் இல்லை, பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நான் அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அந்தக் காட்சி முடிந்ததும் அவர் படத்தை நிறுத்தினார்.

“நான் இந்த மாதிரி ஏதாவது பண்ணா நீயும் இப்படித்தான் கூப்பிடுவியா?”

“பண்ணிப் பாருங்க” என்றேன்.

சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கோவம் வந்தாதான் அப்படிக் கூப்பிடணுமா?” என்று கேட்டார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ‘தௌ’வுக்கு இரண்டு முகமும் இருந்தது என்று அவருக்குச் சொன்னேன். சண்டையிலும் வரும், கொஞ்சலிலும் வரும். யாருக்கும் மரியாதை குறைந்துவிடக் கூடாதென்று ஊரே ‘யூ’வுக்கு மாறியதில் அது பேச்சிலிருந்து போய்விட்டது. இன்று ஆங்கிலேயர் வீட்டு நாய்க்கும் ‘நீங்கள்’தான்.

“பாவம் அவங்க” என்றார் கணவர். “நீ ஒரு தடவ சொல்லேன், கேக்கலாம்.”

“நீ சாப்பிட்டியா?” என்றேன். அடுத்த வீட்டுப் பையனிடம் கேட்டதுபோல் இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது காலையில் ஏரிக்கரையில் நாங்கள் இருவர் மட்டும் நடக்கும்போது ‘நீ’. எதிரே தெரிந்தவர்கள் வந்தால் நாக்கு தானாக ‘நீங்க’வுக்கு மாறிக்கொள்கிறது. அவர்கள் தாண்டிப் போனதும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் பேச்சை விட்ட இடத்திலிருந்து ‘நீ’ என்று தொடர்வேன்.