அத்தை மடியில் ஏழு கற்கள்

எங்கள் அத்தை ஞாயிறு பூசையைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் மாமா கட்டுமரத்தில் போகும் நாளெல்லாம், அடுப்புக்குப் பின்னால் வைத்திருந்த ஏழு கற்களுக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டாமல் அவரை வெளியே விடமாட்டாள். கன்னிமார். எங்கள் வம்சம் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பே வீட்டில் குடியிருந்தவர்கள். ராயபுரமே அறிந்த ரகசியம். எழுபதுகளின் தொடக்கத்தில் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சாமியாருக்கு மட்டும் தெரியாது. தெரிந்ததும், திருவிழாக் கொடி ஏறுவதற்குள் கற்களை ஒப்படைக்க வேண்டும் என்றுவிட்டார்.

அத்தைக்குப் புத்தி வர, கோயில் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படமும் போட்டார். ஆப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் வேதம் பரவிய கதை. படச்சுருள் பெட்டியின் மேல் சிலுவை இருந்ததை நம்பி வரவழைத்த படம். துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு இங்கிலீஷ் பேசுகிறவர் என்று அப்பாவிடம் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். படத்தில் யாருமே இங்கிலீஷ் பேசவில்லை என்பது ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

திரையில் சிலுவையோடு ஒரு பாதிரியார் நுழைந்தார். கதாநாயகன் வந்துவிட்டான் என்று விசிலடித்தேன். பூசையில் மணியடிக்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிடும் எனக்கு, விசில் மட்டும் நேரம் தவறியதில்லை.

என் கதாநாயகன் ஊரிலிருந்த மரச் சிலைகளையெல்லாம் பிடுங்கித் தீயில் போட்டான். ஒரு கிழவி மட்டும் தன் சிலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டி ஏதோ கத்தினாள்.

“கிழவி மனம் திரும்பிவிட்டாள். நன்றி சொல்கிறாள்” என்றார் அப்பா மைக்கில்.

கிழவி காறித் துப்பினாள்.

பெண்கள் பக்கமிருந்து அத்தை எழுந்தாள். “இன்னாடா தம்பி அளந்துகினு கீற? துப்புறது கண்ணுக்குத் தெர்ல? ஏ தாயி, குடுக்காத! எந்திரிக்காத!”

மைதானமே சிரித்தது. பிறகு மீன்காரப் பெண்கள் எல்லோரும் “குடுக்காத!” என்று கூடச் சேர்ந்துகொண்டார்கள். சாமியார் மெஷினை நிறுத்தினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “மீதியப் போடு சாமி!” போட்டார். திரையில் ஊரே எரிந்த பிறகும் கிழவி உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாள் சாமியார் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அத்தை வாசலில், மடியில் ஏழு கற்களோடு, கிழவி மாதிரியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் நறுக்கும் கத்தி.

“மாதாவும் எனக்கு வோணும், இவுளுங்களும் வோணும். கல்லு மேல கைய வச்சா கை இருக்காதுன்னு சொல்லுடா அந்தாள்கிட்ட!”

புத்தகத்தில் தமிழ் படித்த சாமியார் விளங்காமல் அப்பாவைப் பார்த்தார்.

“அந்தக் கற்களை நேற்றே கடலில் எறிந்துவிட்டாளாம், சாமி. இவை வலையில் கட்டுகிற கற்களாம்.”

“எவடா எறிஞ்சா?” என்று கிளம்பிய அத்தையின் காலை அப்பா மிதித்தார்.

“மஞ்சள் எதற்கு?”

“பாசி பிடிக்காமலிருக்க, சாமி.”

சாமியார் கற்களையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வெள்ளைக்காரர் இவ்வளவு சுலபமாக ஏமாறுவாரா என்று தெருவெல்லாம் நடித்துக் காட்டினேன்.

கொடியேற்றத்தன்று மாதாவுக்கு அத்தை கொண்டுவந்த மாலையைச் சாமியாரே வாங்கிக்கொண்டார். அவள் விரலிலிருந்த மஞ்சளைப் பார்த்து, “பாசி பிடிக்கவில்லையே?” என்று கேட்டார்.

“எங்க புடிக்கும்? தெனம் தேச்சிகினுதானே கீறேன்” என்றாள் அத்தை, நிமிர்ந்து.

சாமியாருக்கு எங்கள் வலைமேல் எவ்வளவு அக்கறை என்று நான் வியந்து நின்றேன்.