மைனி தின்ற மீ

வகுப்பில் ஓரெழுத்து ஒருமொழி நடத்தும் நாட்களில், கரும்பலகையில் ‘மீ’ என்று எழுதும்போது மட்டும் எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். மீ என்றால் மேல், உயரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அதற்கு இன்னொரு பொருளும் எனக்குத் தெரியும். சிங்கப்பூர்ச் சீனன் கடையில் மீ என்றால் கோதுமை மாவை நூல் நூலாக இழுத்து வேகவைத்து, சூடான சாற்றில் போட்டுத் தரும் பண்டம். இன்றைக்கு நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு அதை வேறு பெயரில் விற்கிறார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் கூட்டமாக நின்று வாங்கித் தின்கிறார்கள். தின்னட்டும், நல்ல பண்டம்தான். ஆனால் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மைனி என் அண்ணன் மனைவி. புதுக்கடை என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். அண்ணன் சிங்கப்பூரில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தான். கல்யாணமான மறுவருஷம் அவளையும் கப்பலேற்றிக் கூட்டிப் போனான். எங்கள் வீட்டில் ஆண்கள் உண்டு கைகழுவிய பிறகுதான் பெண்களுக்குத் தட்டு வரும். மைனி வீட்டிலும் அப்படித்தான். அங்கே போன முதல் சனிக்கிழமை அண்ணன் அவளைச் சீனன் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறான். வட்டமான சலவைக்கல் மேஜை. ஒரு பக்கம் மலாய்க்காரனும் பெண்டாட்டியும், இன்னொரு பக்கம் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவற்காரன், பின்னால் பிள்ளைகளோடு ஒரு சீனக் குடும்பம். கடைக்காரன் இருவருக்கும் ஒரே நேரத்தில் கிண்ணத்தை வைத்தான். மைனி கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் தின்று முடிக்கக் காத்திருந்தாள். “தின்னு பிள்ளே, இங்க நம்மள யாரு பாக்கா?” என்றானாம் அவன். மீயை எடுத்துத் தின்னும் இரட்டைக் குச்சி அவள் விரலில் நிற்கவில்லை. கடைக்காரன் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி கொண்டுவந்து தந்தான்.

இதை எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். “அவியளுக்கு நேரே இருந்து தின்னேன் மக்கா. அவிய ஒரு வாய், நான் ஒரு வாய்.” சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருக்கும். அவளுக்கு ருசித்தது மீ இல்லை, அந்த எதிர் நாற்காலி.

ரப்பர் விலை சரிந்து, கம்பெனியில் ஆட்குறைப்பு வந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். அந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அசனம் வைத்தார்கள். சபையார் எல்லோரும் வேதக்கோவில் முற்றத்தில் பந்தியாக உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. அங்கே சோறு நிறைத்த பனையோலைக் கடவத்தை எடுத்துப் பந்தியில் விளம்ப ஒரு பெண்ணை விட்டார்கள் என்றால், அவளைச் சபை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மைனிக்கு அந்த ஆசை நிறைய இருந்தது. வேறூரிலிருந்து வாழ வந்தவளுக்கு இருக்காதா?

முந்தின நாள் பெண்கள் எல்லோரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். உபதேசியாரின் மனைவி பேச்சுவாக்கில் கேட்டாள்: “சிங்கப்பூருல என்னத்தத் திம்பிய?”

“சனிக்கிழமை ஆனா அவிய சீனன் கடைக்குக் கூட்டிட்டுப் போவாவ. மீ திம்போம்.”

“மீனா?”

“மீன் இல்ல, மீ. வெள்ளையா, நீளமா, வழுவழுன்னு இருக்கும். சாறுக்குள்ள நெளிஞ்சு கெடக்கும். உறிஞ்சித் தின்னணும்.”

மாவு என்ற சொல்லை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. உபதேசியார் மனைவி அரிவாள்மணையை விட்டு எழுந்துபோனாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, சிங்கப்பூர்க்காரி புழு தின்றவளாம். “இடியாப்பம் மாதிரி மாவாக்கும்” என்று மைனி சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். புழு என்று கேட்ட பிறகு மாவு யாருக்கு வேண்டும்?

மறுநாள் பெண்கள் பந்தியில் அவள் கடவத்தோடு வந்தாள். முதல் இலைக்காரி இரண்டு கைகளையும் இலைமேல் கவிழ்த்தாள். அடுத்தவளும் கவிழ்த்தாள். சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, “நீங்க கொஞ்சம் மாறி நில்லுங்கம்மா, ஆளுவளுக்கு அறப்பா இருக்கு” என்றார். அறப்பு என்றால் எங்கள் ஊரில் அருவருப்பு. நான் சும்மா இருக்கவில்லை. அது கோதுமை மாவு என்று கத்தினேன். “நீ அங்க போயிக் கண்டியா?” என்று கேட்டு என் வாயை அடைத்தார்கள்.

கண்டவன் ஆண்கள் பந்தியில் இருந்தான். நான் ஓடிப்போய், “அண்ணே, எந்திரிச்சுச் சொல்லுங்க, நீங்களும் தின்னதுதானே” என்றேன். கமிட்டிக்காரரும் அவன் முகத்தைப் பார்த்தார். மைனியும் கடவத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு சொல் போதும். அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கர் வேலைக்குக் கமிட்டியின் சிபாரிசை எதிர்பார்த்திருந்த காலம் அது. அவன் தன் இலையைப் பார்த்தான். “பொம்பளைய காரியத்துல நான் என்னத்தச் சொல்ல?” என்றான். பிறகு பருப்பு விளம்பிக்கொண்டு வந்தவனிடம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அசனத்திலும் மைனியைப் பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிட்டார்கள். சோறு வடித்த வார்ப்பைத் தேய்க்கும்போது மட்டும் அந்தக் கை யாருக்கும் அறப்பாக இல்லை. அவளும் போனாள். ஏன் போகிறாய் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். “போகாம இருந்தா, அதுக்கும் ஒண்ணு சொல்லுவாவ மக்கா” என்பாள்.

சில வருஷங்களில் அண்ணன் கமிட்டிக்கே செயலாளராகிவிட்டான். புதிதாக மாற்றலாகி வந்த போதகர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் தன் சிங்கப்பூர்ப் பெருமையை அவிழ்த்துவிட்டான். நாலு நாட்டுக்காரரோடு சமமாக உட்கார்ந்து உண்டதையும், மீயின் ருசியையும் சொன்னான். இரண்டு பென்சில்களை விரலில் இடுக்கி, குச்சி பிடிக்கும் விதத்தைக்கூடக் காட்டினான். போதகர் வியந்துபோனார். “அம்மாவும் அதெல்லாம் சாப்பிட்டிருப்பாங்களே?” என்று கேட்டார்.

“அவளா? அவளுக்கு அதொண்ணும் ஆகாது. வீட்டுலயே கஞ்சி வச்சுக் குடிப்பா.”

மைனி முந்திரிக்கொத்துத் தட்டோடு வந்து நின்றாள். அவள் கையால் செய்த பலகாரம். போதகர் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“நானும் கூட இருந்து தின்னேன் அய்யா” என்றாள் மைனி. “அவிய தின்னது மீ. நான் தின்னது புழுவாக்கும்.”

அண்ணன் உரக்கச் சிரித்தான். போதகர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் எடுத்த முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.