மண் கக்கிய மட்டி

ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை மட்டி உரிப்பது, அதாவது சிப்பி ஓட்டைத் திறந்து சதையை எடுப்பது. ‘ஆய்வு உதவியாளர்’ என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம், செய்வது அதுதான். தீவுகளின் பரவைக்கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று மட்டி பொறுக்கி, யாழ்ப்பாணம் கொண்டுபோய், சதையில் ஈயமும் கட்மியமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கொடுப்பேன். மட்டி இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. வருகிற தண்ணீரை வடித்துத் தின்னும். கரையில் யார் எதைக் கொட்டினாலும் அதன் உடம்பில் தெரிந்துவிடும்.

பொறுக்கியதும் உரிக்க முடியாது. ஒரு நாள் முழுக்கச் சுத்தமான கடல்நீரில் விட்டு மண் கக்க வைக்க வேண்டும். குடலில் கிடக்கும் மண்ணையும் சேர்த்து அளந்தால் முடிவு பிழைத்துவிடும். மண் போன பிறகும் சதையில் மிஞ்சுவதைத்தான் நாங்கள் தேடுகிறோம். மாணவர்களுக்கு இந்த வசனத்தை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தவளான நான்தான் போன வருசம் அந்தப் பிழையைச் செய்தேன்.

தீவில் சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டில் தங்கச்சி எட்டு மாத வயிற்றோடு இருந்தாள். எதையும் வாயில் வைக்க மாட்டாள். ஆசைப்பட்டுக் கேட்டது மட்டிக் கறி ஒன்றைத்தான். அன்று நான் பொறுக்கியது, பழைய வள்ளங்களை இழுத்துவைத்துப் பெயின்ற் சுரண்டும் ஒரு கரையில். மட்டி கொழுகொழுவென்று இருந்தது. ஆய்வுக்கு வேண்டியதை எடுத்த பிறகும் அரை வாளி மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதை உப்புத் தண்ணீரில் விட்டு, மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வாளியின் அடியில் சாம்பல் நிற மண் படிந்திருந்தது.

“ரெண்டு தரம் தண்ணி மாத்தினனான் பிள்ளை. எல்லாத்தையும் கக்கிப்போட்டுது. இனிப் பயமில்லைத்தானே?”

“ஓம் அம்மா, பயமில்லை” என்றேன்.

மண் கக்கினால் மட்டி சுத்தம் என்பது எங்கள் வீடுகளில் எல்லோரும் நம்புவது. அம்மா நம்பியதில் பிழையில்லை. எனக்கு என்ன வந்தது? படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மா சொல்லவில்லை. தங்கச்சி கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த கிழமையும் கேட்டாள். அதே கரையிலிருந்து மறுபடியும் கொண்டுபோனேன்.

ஆய்வின் முடிவு வந்தபோது பிள்ளைக்கு இரண்டு மாதம். நான் பொறுக்கிய இன்னொரு கரையான சாட்டிப் பக்கத்து மட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை. பெயின்ற் சுரண்டும் வள்ளக்கரை மட்டியில் ஈயம், சாப்பிடக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. தாய் தின்ற ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்பது நான் அறியாததல்ல. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் போகும் பண்ணைப் பாலம் கடந்து முடியும்வரை அப்படித்தான் யோசித்தேன்.

தங்கச்சி கதிரையில் இருந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேருக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும், திங்கட்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“அக்கா, நீங்கள் அண்டைக்கு மட்டி சாப்பிடேல்லைத்தானே?”

உண்மைதான். நாள் முழுக்க மட்டி உரிக்கிறவளுக்கு அந்த மணமே ஆகாது. வருசக்கணக்காக நான் அதை வாயில் வைத்ததில்லை. அதைச் சொன்னேன். சத்தியமாக வேறு காரணம் இல்லை என்றும் சொன்னேன்.

“ஓம்” என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். சனம் நெரிந்தது, அவளுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. நான் எழும்பி இடம் கொடுத்தேன், அவள் இருக்கவில்லை. பிள்ளையையாவது தா என்று கை நீட்டினேன். தரவில்லை.