கதிர்வேல் சொல்ல மறுத்த பட்டியல்

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது போர்வெல் வண்டியோடு வெளியூர் போயிருப்பார். கதிர்வேல் பத்தொன்பது வயதில் போனார். ஆந்திரா, ஒடிசா என்று பதினைந்து வருடம் பாறையைத் துளைத்தவர், முதலாளி கப்பலில் ஏற்றி அனுப்பிய வண்டியின் பின்னாலேயே ருவாண்டாவுக்கும் போனார். மலையும் வாழைத்தோப்புமாக இருந்த அந்த நாடு அவருக்குப் பிடித்துவிட்டது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வந்தது போலவே இருக்கிறது என்று மனைவி மைதிலியிடம் போனில் சொன்னார்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போர் போட வேண்டியிருந்தது. குறித்துக்கொடுத்த இடத்தில் வண்டியை நிறுத்தி ஜாக்கியை இறக்கும்போது, பள்ளியில் சமைக்கும் வெஸ்தீன் என்ற பெண் வந்து முன்னால் நின்றுகொண்டார். சத்தம் போடவில்லை. உள்ளூர் டிரைவர்தான் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மண்ணுக்கடியில் அவருடைய அண்ணன் தம்பிகள் கிடக்கிறார்களாம்.

கதிர்வேல் வண்டியை எண்பது அடி தள்ளி நிறுத்தினார். தண்ணீர் நன்றாகவே வந்தது. மதியம் வெஸ்தீன் அவருக்கு அவித்த வாழைக்காய் வைத்தார். யார் கொன்றது, பட்டாளமா என்று டிரைவர் மூலமாகக் கேட்டார் கதிர்வேல்.

பட்டாளம் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் என்றார் அந்தப் பெண். எங்களிடம் மண்வெட்டி இரவல் வாங்கிப் பழகியவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலில், நூறு நாளில், நாடு முழுக்க லட்சக்கணக்கில் செத்தார்கள். முதலில் ரேடியோவில் எங்கள் இனத்தாரைக் கரப்பான்பூச்சி என்றார்கள். அதைக் கேட்டு நாங்களே சிரித்தோம். பிறகு எந்த வீட்டில் யார் யார் என்று எழுத ஒருவர் வந்தார். எங்கள் ஊர் வாத்தியார்தான். நாற்காலி போட்டுப் பால் கொடுத்தோம். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று பெயர்களை எழுத்துக்கூட்டியும் சொன்னோம். கொல்ல வந்தவர்கள் கையில் அந்தப் பட்டியல்தான் இருந்தது.

கதிர்வேல் மீதி வாழைக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

முதுகுவலி வந்து ஊர் திரும்பியவர், பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் நாமக்கல் நூலகத்தில் ஒரு படக் கண்காட்சி. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை தமிழ்ச்செல்வி நடத்தும் 'விழிப்பு' என்ற சிறு அறக்கட்டளை வைத்தது. இனப்படுகொலை எப்படித் தொடங்குகிறது, எந்த இடத்தில் தடுக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் அவர்கள் வேலை. ருவாண்டா படத்தின் முன்னால் நகராமல் நின்றவரிடம் தமிழ்ச்செல்வியே வந்து விசாரித்தார். கதையைக் கேட்டதும், "நீங்க வந்து பேசுங்களேன்" என்றார்.

"பத்தாவது ஃபெயிலுங்க நானு. மேடையில ஏறுனா நாக்கு ஒட்டிக்குமுங்க."

ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. ஒரு பாலிடெக்னிக்கில் பேசிய முதல் பேச்சில் பத்து நிமிடம் கம்ப்ரசரைப் பற்றியே சொல்லிவிட்டு இறங்கினார். "அந்தம்மா பால் குடுத்ததை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் தமிழ்ச்செல்வி. அடுத்த கல்லூரியில் அதை மட்டும் சொன்னார். ரஞ்சிதா என்ற மாணவி எழுந்து, அந்த வாத்தியார் நல்லவரா கெட்டவரா என்று கேட்டாள்.

"தெரியலீங்க சாமி. அதுவரைக்கும் நல்லவருதான்னு அந்தம்மா சொன்னாங்க."

போன வருடம் ஊரில் எல்லோர் போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றியது. வடக்கத்தி ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிப்போகிறார்கள் என்றது அது. பண்ணைகளில் வேலை செய்பவர்கள் முக்கால்வாசி வடக்கத்தியர்கள். டீக்கடையில் அவர்களை எலிக்கூட்டம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா மகன் சின்னுசாமி, நோட்டும் பேனாவுமாகக் கதிர்வேல் வீட்டுக்கு வந்தார்.

"ஏப்பா கதிரு, பண்ணையெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. எந்த ரூம்ல எத்தன பேரு, பேரென்னன்னு சொல்லு. எழுதிக்கறேன்."

"எதுக்குங்கண்ணா?"

"எதுக்கா? நாளைக்கு ஒண்ணுன்னா எங்க போறதுன்னு தெரிய வேண்டாமா?"

மைதிலி அதற்குள் மோர் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் கதிர்வேலுக்கு வெஸ்தீன் வீட்டில் கொடுத்த பால் நினைவுக்கு வந்தது. சின்னுசாமி கெட்டவர் இல்லை. கதிர்வேலின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் வராந்தாவிலேயே படுத்திருந்தவர். அதை நினைத்தபோதுதான் பயம் கூடியது.

"நான் சொல்ல மாட்டேனுங்கண்ணா. நீங்களும் எழுதாதீங்க." வெஸ்தீன் சொன்னதையெல்லாம் சொன்னார். "அவிய ஊட்டுக்கும் ஒருத்தரு இப்படித்தான் நோட்டோட வந்தாருங்க."

"என்னையக் கொலைகாரன்ங்கறயா?"

"இல்லீங்கண்ணா. எழுதறப்ப அவரும் கொலைகாரர் இல்லீங்க. அதனாலதான் சொல்றேன்."

சின்னுசாமி மோரைத் தொடாமல் எழுந்து போனார்.

கதிர்வேல் உடனே தமிழ்ச்செல்விக்குப் போன் செய்தார். மறுநாள் அவர் பள்ளித் தலைமையாசிரியையோடும் ஒரு போலீஸ்காரரோடும் வந்து டீக்கடை முன்னால் பேசினார். அந்தக் குரல் பதிவு வேறு எங்கோ, எப்போதோ வந்தது என்று போலீஸ்காரர் விளக்கினார். இருபது பேர் கூடியதில், ஏழெட்டுப் பேர் பாதியில் எழுந்து போனார்கள். "புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நீ பொறுப்பா?" என்று ஒருவர் கதிர்வேலைக் கேட்டார்.

"பயப்படறது தப்பில்லீங்க. எனக்கும் பொட்டப்புள்ள இருக்குது. சந்தேகம்னா ஸ்டேஷனுக்குப் போலாம், நானும் வாரேன். நோட்டுப் போட்டு எழுதி வெக்க வேண்டாமுங்க."

அந்த ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. பயந்துபோன ஆறு வடக்கத்திக் குடும்பங்கள் மட்டும் சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிட்டன. தான் எதையோ தடுத்துவிட்டதாகக் கதிர்வேல் எங்கேயும் சொல்வதில்லை. அன்று மறுத்துப் பேசாமலே இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காதோ என்று அவருக்கே சில நாள் தோன்றும். தமிழ்ச்செல்வியிடம் கேட்டும் பார்த்தார். "நடக்காத ஒண்ணை எப்படிங்க நிரூபிக்கறது? இந்த வேலையே அப்படித்தான்" என்றார் அவர்.

சின்னுசாமி ஏழு மாதம் பேசவில்லை. தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட மைதிலி கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். கதிர்வேல் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறினார். கடைசிப் பந்தி முடியும்போது சின்னுசாமி அவர் பக்கமாக வந்து நின்றார்.

"சாப்டயா?"

"இல்லீங்கண்ணா, இனித்தான்."

"உக்காரு" என்று சொல்லி, இலையைச் சின்னுசாமியே எடுத்துப் போட்டார்.