குழிக்காடும் குட்டிக் கிரகமும்

வில்பட்டியில் என் தாய்மாமாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தராசை நம்பமாட்டார், தராசு பிடிக்கிறவனைச் சுத்தமாக நம்பமாட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவருடைய பூண்டுக் காட்டில் வேலை பார்த்த எனக்கு, அந்தச் சந்தேகத்தைக் கிளறிவிடுவதுதான் பொழுதுபோக்கு.

அந்தக் காட்டுக்குப் பட்டா இல்லை. அளக்க ஆள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரத்தில், மலையுச்சியில் சூரியனைப் படம் பிடிக்கிற ஆபீஸ்காரர் ஒருவர் பூண்டு வாங்க வந்தார். செவ்வாய்க்கு அப்பால் ஒரு குட்டிக் கிரகம் சுற்றுகிறது, அதற்கு வெள்ளைக்காரர்கள் தங்கள் விளைச்சல் சாமியின் பேரை, சீரிஸ் என்று வைத்திருக்கிறார்கள் என்றார்.

"அங்க பாறை கெடக்கா, குழி கெடக்கா?" என்றார் மாமா.

"யாருக்குங்க தெரியும்? இன்னும் ஒரு ராக்கெட்டும் அங்க போகல. எவ்வளவு பெரிய தூரக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் வெறும் புள்ளிதான்."

மாமா முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் மண்மேல் என்ன கிடக்கிறதோ அதுதான் காட்டுக்குப் பேர். பாறை கிடந்தால் பாறைக்காடு, ஊற்று இருந்தால் ஊத்துக்காடு. காலே வைக்காமல் பேர் வைக்கிறான் என்றால் நிலத்தை அமுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

ஆபீஸ்காரர் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. "வெளச்சல் சாமி பேருன்னா நல்ல வெளையிற பூமிதான் மாமா. முடிச்சுட்டானுக. அடுத்தது நம்ம காடு."

"ஏலே, அளக்க வர்றவன்கிட்ட நம்ம காட்டுப் பேரச் சொல்லிராத. பேரு தெரிஞ்சாத்தான எழுதி அமுக்குவான்!"

சர்வேயர் வந்தார். பாதைமேட்டில் நின்றபடியே, "இந்தக் காட்டுக்கு என்ன பேருங்க?" என்றார். மாமா வாயே திறக்கவில்லை.

"பேருகூட இல்லையா? அப்ப புறம்போக்குன்னுதான் போடணும்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் காடு போனால் எங்கள் ரெண்டு வீட்டிலும் உலை கொதிக்காது. "மாமா, நான் வெளாட்டுக்குச் சொன்னேன். பேரச் சொல்லிருங்க" என்று காதைக் கடித்தேன்.

"நீ எப்பலேருந்துடா அவன் கூட்டு?" என்று முறைத்துவிட்டு, சர்வேயர் பக்கம் திரும்பினார். "அங்கன நின்னு பேரு கேட்டா எப்படிங்க? எறங்கி நடந்து பாருங்க."

இறங்கினவர் பூண்டுப் பாத்திக்கு நடுவே ஒரு குழியில் சறுக்கி, இடுப்பளவு ஆழத்தில் நின்றார். தள்ளி இன்னொரு குழி, அதற்கப்பால் இன்னொன்று. மழைத்தண்ணீர் பிடிக்க மாமாவின் அப்பா வெட்டிக் கல் அடுக்கினவை.

"காடு பூரா குழியால்ல இருக்கு! இது மனுசன் வெட்டுனதாச்சே?"

"எங்கப்பன் வெட்டுனது. குழிக்காடுன்னே போட்டுக்கங்க. நாங்களும் அப்படித்தான் சொல்லுறது."

நெடுநாளாகப் பயிர் வைக்கிற காடு என்று எழுதிக்கொண்டு போனார். மறுவருசம் பட்டா வந்தது.

அந்த வருசமும் ஆபீஸ்காரர் பூண்டுக்கு வந்தார். நான் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கிரகத்துல யாராச்சும் எறங்கி நடந்தாகளா?" என்றார் மாமா.

"இல்லீங்க."

"அப்ப அந்தப் பேரு செல்லாது" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த தராசுத் தட்டைத் திருப்பி, அடியில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.