சும்மா இருக்கும்போது உறைந்த கணினி

கணினி ரிப்பேர் கடைக்காரர் பால்பாண்டி, எந்தக் கணினியை ஆன் செய்ததும் டிலீட் பொத்தானைச் சுண்டுவிரலால் தட்டத் தொடங்குவார். திரையைப் பார்க்க மாட்டார். சன்னலுக்கு வெளியே கரமனை பஸ்ஸைப் பார்ப்பார். விரல் மட்டும் கோழி கொத்துவதுபோல் கொத்திக்கொண்டிருக்கும். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரை வந்தது எப்படியோ தெரிந்து, ஒரு தட்டுகூட மிகாமல் நிற்கும்.

அங்கே அவர் முதலில் பார்ப்பது சூடு. வேலையில்லாமல் கிடக்கிற ப்ராசசர் ஐம்பது டிகிரியைத் தாண்டினால் அவருக்குப் பொறுக்காது. மதர்போர்டுக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வோல்டேஜைத் தாராளமாக வைத்து அனுப்புகிறார்கள் என்பது அவர் கட்சி. யாரும் கேட்காமலே குறைத்துவிடுவார்.

அக்ரகாரத்து வடிவாம்பாள் மாமி, ஃபேன் இரைகிறது என்றுதான் கூப்பிட்டார். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் ரிப்போர்ட்டுகளை வீட்டிலிருந்தே டைப் செய்பவர். ஐம்பத்தாறு டிகிரி இருந்தது. பால்பாண்டி வோல்டேஜைக் குறைத்தார், நாற்பத்து மூன்றானது. ஒரு மணிநேரம் கடும் வேலை கொடுத்துச் சோதித்தார். அசையவில்லை.

"ஒண்ணும் பேடிக்க வேண்டாம் மாமி. ஐஸ் மாதிரி ஆக்கியாச்சு, கேட்டோ" என்றார், பாதி மலையாளத்தில்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஐஸ்னு சொன்னியே, உறைஞ்சே போயிடுத்து! டைப் அடிக்கறச்சே ஒண்ணுமில்லை. ஃபைலுக்குக் காத்துண்டு இருக்கறச்சே நின்னுடறது. உடனே எடுக்கலேன்னு ரெண்டு ஃபைல் வேற ஆளுக்குப் போயாச்சு. இன்னொண்ணு போனா லிஸ்ட்லேர்ந்து என் பேரையே எடுத்துடுவா."

பால்பாண்டி அதைக் கடைக்குத் தூக்கிவந்து மறுபடி கடும் வேலை கொடுத்தார். மறுபடி தேறியது. திருப்பிக் கொடுத்த அன்றே மறுபடி உறைந்தது.

"சதா அதைப் போட்டு வேலை வாங்கறியே, சும்மா விட்டுப் பாத்தியோ?" என்றார் மாமி.

பால்பாண்டி விட்டுப் பார்த்ததில்லை. சும்மா இருப்பதைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் செய்யாத கணினியைப் பார்த்தார்கள். மாமி காப்பி கொடுத்தார். இருபத்திரண்டாவது நிமிடம் திரையின் கடிகாரம் நின்றது.

அப்போதுதான் பால்பாண்டிக்கு உறைத்தது. வேலை இல்லாதபோது ப்ராசசர் தானாகவே வோல்டேஜை இறக்கிக்கொள்ளும். இவர் குறைத்தது அதற்கும் மேல் குறைவு. மிஞ்சியது ப்ராசசர் விழித்திருக்கப் போதாது.

சுண்டுவிரல் கொத்தியது. எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடியே வைத்தார். ஐம்பத்தாறு.

"பழைய சூடு வந்தாச்சு மாமி" என்றார், திரையைப் பார்க்காமல்.

"அது கொதிச்சா கொதிக்கட்டும். நான் கொதிக்காம இருந்தா போறும்."

அன்று சாயங்காலம் ஃபைல் வந்தபோது கணினி விழித்திருந்தது. மாமி எடுத்துக்கொண்டார். பேர் நிலைத்தது.

நான்கு மாதம் கழித்து, வேறெதையோ தேடும்போது, தயாரிப்பாளரின் குறிப்பு ஒன்றைப் பால்பாண்டி படித்தார். அந்த மாடல் ப்ராசசர், ஃபேன் சீக்கிரம் சுழல வேண்டும் என்பதற்காகத் தன் சூட்டைப் பத்து டிகிரி கூட்டியே சொல்லுமாம். அப்படியானால் மாமி வீட்டில் சும்மா கிடந்தபோது அதன் நிஜச் சூடு நாற்பத்தாறைத் தாண்டியதே இல்லை.